பருத்திக்காட்டு மனையில் சவநாறி

1

புல் வெட்டும் வண்டியின் இடது சக்கரம் எங்கே இறங்கும் என்று எனக்கு மனப்பாடம். பின்வேலியிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு முறை இறங்கி ஏறும். அடுத்த மூன்றடியில் மறுபடியும். வீட்டுச் சுவர் வரைக்கும் அப்படித்தான். முதல் வருஷம் ஒரு வண்டி மண் வாங்கிக் கொட்டி நிரப்பினேன். இரண்டு மழைக்குப் பிறகு அதே இடங்களில், அதே ஆழத்துக்கு, மண் கீழே போய்விட்டது.

இந்த வாரத்தோடு இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம். ஊரிலிருந்து போனில் கூப்பிடுகிறவர்கள் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார்கள். நான் முன்பக்கத்தை மட்டும் காட்டுகிறேன். பின்பக்கத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் கேரள எல்லையில் பாறசாலைக்கும் செங்கல் என்ற ஊருக்கும் நடுவில் பிறந்தவன். சவூதியில் பதினொரு வருஷம் லாரி என்ஜின் கழற்றினேன். என் மனைவி ஷைலா பனச்சமூட்டுக்காரி, நர்ஸ். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்ததும் அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இங்கே ஜார்ஜியா மாநிலத்தில் பள்ளிக்கூட பஸ் டிப்போவில் மெக்கானிக். மண் நம் ஊர் மண்ணைப் போலவே சிவப்பு. மழையில் நனைந்த செருப்பைக் குனிந்து பார்த்தால் எந்த நாட்டில் நிற்கிறேன் என்று ஒரு நொடி பிடிபடாது.

நம் பக்கத்தில் மனை வாங்குகிறவன் ஆதாரம் என்கிற கிரயப் பத்திரம் எழுதப் போவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தில் கூலி வேலை செய்த வயசாளிகளிடம் ஒரு கேள்வி கேட்பான். "மண்ணுல ஆரு கெடக்கா?" அடித்துக் கொல்லப்பட்டவன், பிரசவத்தில் போனவள், கணக்கில் வராமல் புதைக்கப்பட்டவன், யாராவது உண்டென்றால் அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் அஸ்திவார வாணம் தோண்டுவார்கள். இந்து, கிறிஸ்தவன் என்ற பேதம் இதில் கிடையாது. எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் அப்படிக் கிடக்கிறார். செங்கல் பக்கம் ஒரு குளத்தின் கரை நிற்காமல் போனபோது, நிலத்தோடு சேர்த்து வாங்கப்பட்ட ஆட்களில் ஒருவரைக் கரைக்குள் வைத்து மூடினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். என்னிடம் சாட்சி இல்லை. ஆனால் அந்தக் கரையில் இன்றுவரை யாரும் மண்வெட்டி வைத்ததில்லை.

அந்தப் பழக்கத்தில், இந்த வீட்டைக் காட்டிய புரோக்கர் அம்மாவிடமும் கேட்டேன். புது வீடு, இதில் யாரும் சாகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் வீட்டைக் கேட்கவில்லை, மண்ணைக் கேட்டேன். அதை அவளுக்கு விளங்கும்படி இங்கிலீஷில் சொல்ல வராமல் கையெழுத்துப் போட்டேன்.

2

வீட்டுக்குப் பின்னால் என் வேலிக்கு அப்பால் ஒரு துண்டு பைன் காடு. அது குடியிருப்போர் சங்கத்துக்குச் சொந்தம். போன வருஷம் வசந்தம் தொடங்கும்போது மரங்களுக்குக் கீழே தரை முழுவதும் ஊதாப் பூவாக இருந்தது. ஐந்து இதழ். பார்த்த உடனே ஷைலாவிடம் சொன்னேன், சவநாறி என்று. புத்தகத்தில் நித்தியகல்யாணி என்று எழுதுவார்கள். நம் ஊரில் அது சுடுகாட்டில் வளரும். ஆடு வாய் வைக்காது. வீட்டு முற்றத்தில் யாரும் நட மாட்டார்கள்.

வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். பூவுக்கு அடியில் கற்கள். செதுக்காத கற்கள், முழங்கால் உயரம். தலைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. நடுவில் ஆள் நீளத்துக்குப் பள்ளம். சில பள்ளங்கள் இரண்டரை அடிதான். அங்கங்கே உடைந்த பீங்கான், கோப்பையின் காது, கண்ணாடிக் குப்பியின் கழுத்து. குப்பை என்று நினைத்திருந்தோம். குப்பையை எவனும் கல்லுக்குக் கல் ஒரே அளவாகப் பிரித்துப் போட மாட்டான்.

வந்த புதிதில் ஷைலா அங்கிருந்து ஒரு நீலத் தட்டை எடுத்து வந்து கறிவேப்பிலைத் தொட்டிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் கற்களைப் பற்றிச் சொன்னதும் தொட்டியைத் தூக்கினாள், தட்டைக் கழுவினாள், நடந்துபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். எந்த இடம் என்று அவளுக்குச் சரியாக நினைவிருந்தது. அதன் பிறகு காட்டைப் பார்த்த சமையலறை ஜன்னலை அவள் திறப்பதில்லை.

என் மகள் ஜெனி பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். தமிழ் விளங்கும், பேச்சு பாதி இங்கிலீஷ். பூவைப் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, இது வேற பூ. உங்க பூ இல்ல."

ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு படர்கொடியாம். நம் சவநாறிக்கு ஒன்றுவிட்ட உறவு. நான் கோபத்தோடு போனை வைத்தேன். அரை மணி நேரம் கழித்து அவளே மறுபடியும் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. இந்தப் பகுதியில் அடிமைகளைப் புதைத்த இடங்களில் இந்தக் கொடியைத்தான் நடுவார்களாம். பெயர் பொறித்த கல் வைக்க வழி இல்லை. அதனால் காட்டுக் கல்லும் இந்தப் பூவும் உடைந்த பாத்திரமும்.

பூவைத் தப்பாகச் சொன்னேன். இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் நல்ல மழை. விடிந்து பார்த்தால் பள்ளங்களில் தண்ணீர் நின்றது. பெரும்பாலும் ஆள் நீளம், எல்லாம் கிழக்கு மேற்காக, வரிசையாக. காட்டிலிருந்து வேலிக்குள் வந்து, என் புல்தரையைத் தாண்டி, வரிசை நேராகச் சமையலறைச் சுவரில் வந்து முட்டியது. முட்டியது என்று சொல்கிறேன். முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. கடைசிப் பள்ளத்துக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்து அடுப்புக்கும் நடுவில் சரியாக மூன்றடி இருந்தது.

3

ஜெனி விடுமுறைக்கு வந்தாள். வந்ததும் காட்டுக்குப் போனாள், திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

பழைய சரித்திரக்காரர்களில் பலர் சொன்னது இது. முதலாளித்துவம் என்றால் நீராவி, இயந்திரம், சம்பளத்துக்கு வேலை செய்யும் சுதந்திர மனிதன். அடிமைமுறை அதற்கு முந்தைய காலத்து அழுக்கு, புதியது வந்ததும் கழிந்துபோனது. அப்படி இல்லை என்று கறுப்பின அறிஞர்கள் சிலர் எப்போதோ எழுதிவிட்டார்கள். பெரிய இடத்தில் காது கொடுக்கவில்லை. இப்போது கொஞ்ச காலமாகப் பலரும் அதைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் நூல் மில்களுக்கு ராத்திரி பகலாகப் பஞ்சு வேண்டியிருந்தது. அதில் பெரும்பகுதி இந்த மண்ணிலிருந்து போனது. முதலில் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைத் துப்பாக்கி முனையில் துரத்தினார்கள். பிறகு ஆட்களை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பஞ்சு லிவர்பூலுக்குக் கப்பலேறி, துணியாகி, உலகம் முழுக்கப் போனது. நம் ஊர் சந்தைக்கும் வந்தது.

அடுத்தது காகிதம். பருத்தித் தோட்டத்து முதலாளி கடன் வாங்கினால் ஈடு என்ன? ஆட்கள்தான். நிலத்தை விற்க நாளாகும், ஆளை நாளைக்கே விற்கலாம். அந்தக் கடன் பத்திரங்களை ஒன்றாகக் கட்டி லண்டனிலும் நியூயார்க்கிலும் விற்றார்கள். ஒரு அடிமையையும் நேரில் பார்க்காதவன், தன் கை சுத்தம் என்று நம்பிக்கொண்டு வட்டி தின்றான்.

மூன்றாவது, தராசு. ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரின் கூடையையும் நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார்கள். எடை குறைந்தால் சாட்டை. இன்றைய நிர்வாக முறைக்கு அந்தப் புத்தகமும் ஒரு தாய் என்கிறார்கள் சிலர்.

ஷைலா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பம் எனக்க ஆஸ்பத்திரியில கழுத்துல மாட்டி விட்டிருக்க, போற வார எடமெல்லாம் கணக்கெடுக்க பேட்ஜும் அந்தத் தராசுக்க பிள்ளதானா?" என்றாள். ஜெனி சிரித்தாள். சாட்டையை மறந்துவிட்டு ஒப்பிடக் கூடாது என்றும் சொன்னாள். அது சரி.

இதை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் அவள் மறைக்கவில்லை. சில பொருளாதாரக்காரர்கள் கணக்கைத் திரும்பப் போட்டு, நாட்டின் மொத்த உற்பத்தியில் பஞ்சின் பங்கு இவர்கள் சொல்லும் அளவு பெரியது இல்லை என்கிறார்கள். பறிக்கும் அளவு கூடியதற்கு நல்ல விதையும் காரணம் என்கிறார்கள். அடிமைமுறை உலகம் முழுக்க இருந்ததே, எல்லா இடத்திலும் முதலாளித்துவம் முளைத்ததா என்றும் கேட்கிறார்கள்.

அந்தக் கடைசிக் கேள்வி என் கேள்வியும்தான். திருவிதாங்கூரில் எங்கள் ஆட்களை விற்றார்கள், ஒற்றி வைத்தார்கள், பாட்டம் என்று குத்தகைக்கு விட்டார்கள். பழைய ஓலைகளில் நிலத்தோடு, தென்னையோடு, ஆளையும் சேர்த்து எழுதியிருக்கும் என்று எங்கள் சபை உபதேசியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆளை ஈடு வைப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது இல்லை. பின்னே பாறசாலையில் ஏன் மில் வரவில்லை?

நம் ஊரில் ஓலை பெட்டிக்குள் கிடந்தது, இங்கே காகிதம் கப்பலேறியது என்றாள் ஜெனி. அடிமைமுறை தனியாக எதையும் செய்யவில்லை. பறித்த நிலம், மில்லின் பசி, கைமாறும் கடன், இவை எல்லாவற்றையும் காக்கும் சர்க்கார், அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் அது இயந்திரத்தின் பாகமானது. எவ்வளவு பெரிய பாகம் என்பதில்தான் சண்டை.

எனக்கு அந்தப் பதில் பிடித்தது. என் வீட்டுக் கடனை இதுவரை இரண்டு முறை விற்றிருக்கிறார்கள். இனி இந்தக் கம்பெனிக்குக் கட்டு என்று கடிதம் வரும், அவ்வளவுதான். அந்தக் கம்பெனியில் யாருக்கும் சமையலறைச் சுவர் எங்கே முடிகிறது என்று தெரியாது.

போகும்போது ஜெனி இன்னொன்றும் காட்டினாள். இந்த இடத்தில் இருந்த பருத்தித் தோட்டத்தின் எடைப் புத்தகத்தின் நகலை அவள் நூலகத்திலிருந்து லேப்டாப்பில் எடுத்து வந்திருந்தாள். பெயர், பெயருக்கு நேராக அன்றன்றைய எடை. எல்லாம் ஒற்றைப் பெயர். அப்பன் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை. ஒரு பெயருக்கு நேரே எடை நாளுக்கு நாள் குறைந்து, பிறகு கட்டம் காலியாகிறது. அடுத்த வரியில் வேறொரு பெயர் தொடங்குகிறது. அவள் மேலே படிக்கவில்லை, மூடி வைத்தாள்.

4

இனி நான் செய்த தப்பு.

உதியன்குளங்கரையில் தையல் கடை வைத்திருக்கும் என் அக்காவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எடுத்த எடுப்பில் கேட்டாள், "எலே, ஊருல ஆளுவகிட்ட சொல்லியாச்சா?"

இல்லை என்றேன்.

"மண்ணுல ஆளு உண்டுன்னு தெரிஞ்சா சொல்லணும் ஆக்கும். தெரியாம எவனாவது மிதிச்சா அந்தப் பாவம் உனக்க தலையிலதான், கேட்டியா."

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று சீண்டினேன். "கர்த்தரு மேல இருக்காரு. இவிய கீழ கெடக்காவ. ரெண்டும் ரெண்டு எடம் மக்கா" என்றாள்.

சொன்னேன். சங்கத்தில் எல்லாருக்கும் கடிதம் அனுப்பினேன், ஆனால் அதோடு வைக்கக் கற்களின் படம் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் கல்லறையைப் படம் எடுப்பதில்லை. சங்கத் தலைவர் கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தமிழர், மரியாதையாகப் பேசுகிறவர். குடும்பத்தில் நூல் மில் இருந்ததாம். அந்தக் காட்டுத் துண்டில் நீச்சல் குளம் கட்டுவதாகத் திட்டம் இருந்ததே எனக்கு அவர் சொல்லித்தான் தெரிந்தது. "தம்பி, இந்த ஊர்ல எங்க தோண்டினாலும் ஏதாச்சும் வரத்தான் செய்யும். அதையெல்லாம் பார்த்துட்டிருந்தா வீட்டு விலை என்ன ஆகும்?" என்றார். பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

நான் நிம்மதியாகத் தூங்கினேன். சொல்லியாகிவிட்டது, இனி எவன் மண்வெட்டி எடுப்பான் என்று நினைத்தேன். பாறசாலைக்காரன்தான் இப்படி நினைப்பான்.

பத்து நாள் கழித்து வேலை முடிந்து வந்தபோது காட்டுத் துண்டின் தரை சுரண்டப்பட்டிருந்தது. பூ இல்லை, பீங்கான் இல்லை, ஒரு கல்கூட இல்லை. யார் செய்தது என்று எனக்குத் தெரியாது. புயலில் விழுந்த மரங்களை அகற்றியதாகச் சங்கத்தின் நோட்டீஸ் சொன்னது. அந்த மாதம் புயலே அடிக்கவில்லை. சுரண்டிய மண் ஈரமாக, நம் ஊரில் புதிதாக வெட்டிய கிணற்றின் வாய் போலச் சிவப்பாக இருந்தது. என் வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும் பள்ளங்கள் அப்படியே இருந்தன.

5

டிப்போவில் மிஸ் எட்னா என்று ஒரு பஸ் டிரைவர் உண்டு. கறுப்பினப் பெண், அறுபது வயசுக்கு மேல். அவள் பஸ்ஸின் பிரேக்கை நான்தான் பார்ப்பேன். என்னைப் போலவே நேராகப் பேசுகிறவள், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும். மறுநாள் அவளிடம் கொட்டித் தீர்த்தேன். அவளும் என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, யாரிடம் சொன்னாய் என்று கேட்டாள். பிறகு, ஏன் சொன்னாய் என்று கேட்டாள்.

அங்கே கிடப்பவர்கள் அவள் ஆட்கள். அவளுடைய குடும்பத்துக்கு எப்போதுமே தெரியும். சின்ன வயசில் ஒவ்வொரு வசந்தத்திலும் அம்மாவோடு வருவாளாம். குடியிருப்புக்குக் கேட் போட்ட பிறகு உள்ளே விடவில்லை. ஓடைப் பக்கமாக ஏறி வருவார்கள். அந்த நீலத் தட்டு அவள் அம்மாவுடையது. அம்மா இறந்த வருஷம் அவளே கொண்டுவந்து வைத்தது.

"மரம் நிற்கிற வரைக்கும் அது காடு. காட்டை யாரும் பார்ப்பதில்லை. நீ அதைக் கல்லறை என்று சொன்னாய். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு அவசரம் வந்துவிட்டது" என்றாள்.

எங்கள் ஊர் வழக்கத்தை விளக்க முயன்றேன். சொன்னால்தான் பாதுகாப்பு, எல்லாருக்கும் பயம் வரும் என்றேன். பயப்படுகிறவர்கள் இருக்கும் ஊரில் அது சரி என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனாள். ஷைலா அந்தத் தட்டைத் தொட்டிக்கு அடியில் வைத்திருந்ததை நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றாள். திங்கட்கிழமை நீச்சல் குளம் தோண்ட இயந்திரம் வருகிறது, கேட்டுக்குள் குடியிருக்கிறவர்களில் கற்களைப் பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்க நீ ஒருவன்தான் இருக்கிறாய், மத்தியானத்துக்கு மேல் கவுண்டி ஆபீசுக்கு வா என்றாள்.

ஷைலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். எனக்குக் குடியுரிமை நேர்காணலுக்குத் தேதி வந்திருந்தது, இன்னும் மூன்று வாரம்தான். அவள் சத்தம் போடவில்லை.

"இஞ்ச பாருங்க, சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கப்பட்ட பேப்பர். சங்கத்துக்காரவிய வக்கீல வச்சு கேஸு போட்டா அந்த இன்டர்வியூ ஆபீசர் நம்மள எங்ஙன பாப்பான்? இன்டர்வியூ முடியட்டு. அதுக்குப் பெறவு உங்களுக்க இஷ்டம்."

அதற்குப் பிறகு அங்கே சொல்ல என்ன மிஞ்சியிருக்கும் என்று கேட்டேன். போகும்போது பாஸ்போர்ட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்க, இங்கே எதற்கும் காகிதம் கேட்பார்கள் என்றாள்.

6

நம் ஊர் தாலுகா ஆபீஸ் போன்ற அந்தக் கவுண்டி ஆபீசில் எங்களுக்கு முன்னால் நாய் லைசென்ஸுக்கு இரண்டு பேர் நின்றார்கள். கவுண்டரில் இருந்த இளம்பெண் தன்மையானவள். அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தாள்.

நான் பார்த்ததை எழுதினேன். எத்தனை கல், எந்தத் திசை, எத்தனை அடி இடைவெளி. மெக்கானிக் ஆனதால் அளவு தப்பாது. கடைசியில் ஒரு கேள்வி: இறந்தவர்களுக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு? மூன்று கட்டம். வழித்தோன்றல். நிலத்தின் உரிமையாளர். மற்றவர்.

மற்றவர் என்பதில் பேனாவை வைத்தேன். அந்தப் பெண் என்னை நிறுத்தினாள். மற்றவர் எழுதிக் கொடுப்பதைக் கோப்பில் வைத்துக்கொள்வோம், அதனால் வேலை நிற்காது என்றாள். உடனே நிறுத்த வேண்டுமானால் வழித்தோன்றலோ உரிமையாளரோ கேட்க வேண்டும், கல்லறையில் ஒரு துண்டு நிலம் சொந்தமாக இருந்தாலும் போதும்.

மிஸ் எட்னா வழித்தோன்றல் கட்டத்தில் ஏற்கனவே குறி போட்டிருந்தாள். அதற்கு ஆவணம் வேண்டும் என்றாள் அந்தப் பெண். என்னிடம் எடைப் புத்தகத்தின் நகல் இருந்தது, ஜெனி அனுப்பியது. அதில் மிஸ் எட்னா தன் ஆட்கள் என்று சொன்ன மூன்று பெயர்களையும் காட்டினோம். பெண் நிதானமாகப் பார்த்தாள். இதில் குடும்பப் பெயர் இல்லையே, இவர்தான் உங்கள் முன்னோர் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

ஆக, மிஞ்சியது நடுக் கட்டம், அதில் நான்தான் இருந்தேன். அந்த மண்ணில் யாரும் இல்லாதவன். இந்த நாட்டின் குடிமகன்கூட இல்லை. ஆனால் வரிசை என் வேலிக்குள் வருகிறது, சமையலறை வரைக்கும் வருகிறது, அந்த இடத்துக்குப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அவர்கள் ரத்தம் சொன்னால் செல்லாது. என் காகிதம் சொன்னால் செல்லும். ஜெனியின் சரித்திரக்காரர்கள் இதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்றால், அவர்கள் ஒரு மத்தியானம் இந்தக் கவுண்டரில் வந்து நிற்கட்டும்.

எங்கள் ஆட்களை நிலத்தோடு சேர்த்து ஓலையில் எழுதினவனும் இந்தக் கட்டத்தில்தான் குறி போட்டிருப்பான். எனக்குக் கை வரவில்லை. பின்னால் ஒருவர் தொண்டையைச் செருமினார். மிஸ் எட்னா என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ் மூட இருபது நிமிஷம் இருந்தது. திங்கட்கிழமை காலை இயந்திரம் வரும்.

உரிமையாளர் என்பதில் குறி போட்டேன்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வேலையை நிறுத்தும் உத்தரவு அன்றே போகும் என்றாள் அந்தப் பெண். ஆய்வு முடிகிற வரைக்கும் என் மனையில் எதுவும் கட்ட முடியாது, விற்பதும் கஷ்டம் என்று எச்சரித்தாள். சரி என்றேன். பிறகு கணினியில் எதையோ தேடிவிட்டு, கல்லறைக்குப் பதிவில் ஒரு பெயர் வேண்டும் என்றாள். பெயர் தெரியாத இடங்களுக்கு நிலத்தின் உரிமையாளர் பெயரை வைப்பது வழக்கமாம். என்னிடம் கேட்காமலே என் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தட்டினாள். என் அப்பாவின் பெயர்தான் இங்கே என் குடும்பப் பெயர். திரையில் வந்தது: ஞானமுத்து கல்லறை.

வேண்டாம் என்றேன். இந்த அம்மாவின் குடும்பப் பெயரைப் போடுங்கள், அவள் ஆட்கள்தான் அங்கே இருக்கிறார்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மிஸ் எட்னா என் முழங்கையைத் தொட்டாள்.

"விடு" என்றாள். "என் குடும்பப் பெயரும் எங்களை வாங்கிய ஒரு உரிமையாளரின் பெயர்தான்."